மருந்தடித்த வயலில் கிடை

முனீஸ்வரி முதன்முதலாக என்னிடம் வந்தபோது அவளுடைய இடது மணிக்கட்டு உடைந்திருந்தது. மாட்டு வண்டியிலிருந்து விழுந்ததாகச் சொன்னாள். அவர்கள் தெருவில் மாட்டு வண்டி கிடையாது. அப்போது நான் சுந்தரபாண்டியத்தில் கிராம சுகாதார செவிலியர். இந்த மாதிரி விழுந்தவர்கள் பலரைப் பார்த்தவள். புருஷன் லீவில் வந்திருக்கிறானா என்று மட்டும் கேட்டேன்.

"பதினஞ்சு நாளைக்கு வந்திருக்காவ."

"இன்னும் எத்தனை நாள் இருக்கு?"

"ஒம்பது."

அட்டை வைத்துக் கட்டி ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஒன்பது நாளும் அக்கா வீட்டில் இருக்கச் சொன்னேன். இருக்கவில்லை. வயலில் தட்டாம்பயறு காய்க்கிற சமயம், பறிக்க ஆளில்லை என்றாள்.

அவள் இராஜபாளையத்துக்காரி. கல்யாணத்துக்கு முன் மூன்று வருஷம் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில் வேலை பார்த்தவள். புருஷன் வேல்பாண்டி ராணுவத்தில் இருந்தான். வருஷத்துக்கு இரண்டு தடவை வருவான். மாமனாரும் மாமியாரும் போன பிறகு மூன்று ஏக்கர் நிலமும் அவள் தலையில் விழுந்தது. மேற்கே மலை, வடக்கே ஓடை, நடுவில் ஒரு கிணறு, மோட்டார் ரூம்.

முதலில் எல்லாரையும் போலத்தான் பருத்தி போட்டாள், மருந்தடித்தாள். ஒரு வருஷம் மழையே இல்லாமல் கருகியது. அடுத்த வருஷம் மூன்று மாதத்துக்குப் பெய்ய வேண்டியது மூன்று நாளில் கொட்டி அழுகியது. மூன்றாவது வருஷம் காயும் வெயில், நனைக்கும் மழை இரண்டும் மாறி மாறி வந்து, புழு மட்டும் நன்றாக விளைந்தது. அந்தக் கோடையில் இயற்கை விவசாயம் பற்றி ஒரு பயிற்சி நடந்தது. போனாள். பாதி நேரம் தூங்கிவிட்டதாக அவளே சொன்னாள். விழித்திருந்த நேரத்தில் கேட்டதை வயலில் செய்து பார்த்தாள்.

பருத்திக்கு இடையில் உளுந்து, ஓரத்தில் ஆமணக்கு, காற்றைத் தடுக்கச் சோளம். வெட்டிய தட்டையை எரிக்காமல் மண்மேல் பரப்பினாள். வரப்பை ஒரு முழம் உயர்த்தினாள். ஆடி மாதம் கிடைத்த விதையையெல்லாம் கலந்து வீசுவாள். கம்பு, எள், பயறு, கொள்ளு, கடுகு, சணப்பு என்று இருபது வகை இருக்கும். அது இடுப்பளவு வளர்ந்து பூக்கும்போது முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து ஊர் ஊராக ஆடு ஓட்டி வரும் கீதாரி சேதுபதி தன் ஆட்டு மந்தையை அங்கே இறக்குவான். ஆடுகள் பகலில் மேலாக மேயும், ராத்திரி வயலிலேயே அடையும். புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு. இதற்குத்தான் கிடை போடுவது என்று பெயர். நாலு நாள் கழித்து மந்தை கிளம்பியதும் மிச்சப் பச்சையை மடக்கி உழுதுவிட்டு, ஐப்பசி மழைக்கு விதைப்பாள்.

நாலு வருஷம் இப்படிச் செய்தாள். நாலாவது வருஷத்து மழையில் பக்கத்து மக்காச்சோளமெல்லாம் பாய் விரித்தது போலப் படுத்தபோது இவள் வயலில் மறுநாளே நடக்க முடிந்தது. தண்ணீர் உள்ளே போய்விட்டது. கேட்டால், "மண்ணு குடிச்சிருச்சு" என்பாள். அதற்குமேல் விளக்கம் அவளுக்கும் தெரியாது, எனக்கும் வேண்டியிருக்கவில்லை.

வேல்பாண்டி ஹவில்தாராக ஓய்வு பெற்று ஊருக்கு வந்தான். வயலைப் பார்த்தான்.

"என்னட்டி இது, காடு மாதிரி கெடக்கு? எது பயிரு, எது களை?"

"எல்லாம் பயிருதான்."

"வரிசை இல்ல, ஒண்ணும் இல்ல. எங்க சுபேதார் பாத்தாருன்னா நாலு ரவுண்டு ஓடவிடுவாரு."

"அவரு வந்து களை பறிப்பாராமா?"

அதற்கு ஓர் அறை விழுந்தது. காதில் ரத்தம் கட்டியது. அதையும் நான்தான் பார்த்தேன். அந்தக் காதில் இன்றைக்கும் சரியாகக் கேட்காது.

வேல்பாண்டியின் அண்ணன் பாண்டிதுரை உரமும் பூச்சி மருந்தும் விற்கிற கடை வைத்திருந்தான். அவன் மூலமாக ஒரு விதைக் கம்பெனி வந்தது. மூன்று ஏக்கரும் மக்காச்சோள விதை போட வேண்டும், மருந்து, உரம் எல்லாம் பாண்டிதுரை கடையில் வாங்க வேண்டும், ஐந்து வருஷம் ஒப்பந்தம். வேல்பாண்டி கையெழுத்துப் போட்டான். பட்டா அவன் பெயரில்தான். நிலத்தைப் பார்க்கத் திங்கட்கிழமை ஆள் வருவார்கள், அதற்குள் சுத்தமாக இருக்க வேண்டும் என்றார்கள். முனீஸ்வரி மாட்டேன் என்றாள். அன்றிலிருந்து எட்டு நாள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. சோறு வைப்பாள், தின்பான். சேதுபதியிடம் கிடைக்குச் சொல்லியிருப்பதை அவள் சொல்லவில்லை. அவன் செய்யப்போவதை அவனும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை தங்கையின் பிரசவத்துக்காக அவள் இராஜபாளையம் போனாள். சனிக்கிழமை விடிந்ததும் வேல்பாண்டி தெளிப்பானை முதுகில் மாட்டினான். பச்சையெல்லாம் கருகப் புல்லு மருந்து அடிப்பதுதான் திட்டம். பாண்டிதுரை கடையில் விற்கக்கூடாத சரக்கு ஒரு டப்பா மிச்சம் இருந்தது, சிவப்பு முக்கோணம் போட்ட பூச்சி மருந்து. "இதையும் சேத்து ஊத்துலே, புழுவும் செத்துரும், ஒரே வேலையா முடியும்" என்று கொடுத்திருந்தான். இரண்டையும் ஒரே தண்ணீரில் கலந்தான். கையுறை இல்லை, முகத்துணி இல்லை. கையாலேயே கலக்கியிருக்கிறான். பார்டரில் நின்றவனுக்கு இதெல்லாம் எம்மாத்திரம் என்ற நினைப்பு.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வயலுக்கு மருந்தடித்தால் காலி டப்பாவை ஒரு கம்பில் கவிழ்த்து வரப்பில் நட்டு வைப்பார்கள். ஆடு மேய்க்கிறவர்கள் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டுச் சுற்றிப் போவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அது தெரியும். வேல்பாண்டி கம்பு நடவில்லை. கம்பெனிக்காரன் வந்து விற்கக்கூடாத டப்பாவைப் பார்த்துவிடக்கூடாது என்று குழி தோண்டிப் புதைத்தான். மண்ணை மிதித்துச் சமப்படுத்திவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தான். தலைவலி.

சாயங்காலம் நாலு மணிக்குச் சேதுபதி மந்தையோடு வந்தான். இருநூறு ஆட்டுக்கு மேல். பச்சை இன்னும் வாடவில்லை. மேல்காற்று பலமாக அடித்ததால் மேற்கே நின்ற அவன் பக்கம் வாடையும் வரவில்லை. வரப்பில் டப்பா இல்லை. நாலு வருஷமாக ஒரு சொட்டு மருந்து படாத வயல். வேறு எந்த வயலாக இருந்தாலும் இறங்கி ஓர் இலையைக் கசக்கி மோந்து பார்த்திருப்பான். இங்கே பார்க்கவில்லை. ஆடுகளை விட்டான்.

முனீஸ்வரி பஸ்ஸை விட்டு இறங்கி நேராக வயலுக்கு வந்தாள். கிழக்கு வரப்பில் ஏறியதும் காற்று வாடையை அவள் முகத்தில் அடித்தது. பையைப் போட்டுவிட்டு ஓடினாள். கையில் கிடைத்த சோளத்தட்டையால் ஆடுகளை விளாசினாள், காலால் உதைத்தாள், கத்தினாள். சேதுபதிக்கு ஒன்றும் புரியவில்லை. கூப்பிட்டுவிட்டு அடிக்கிறாளே என்று அவள் முடியைப் பிடித்து இழுத்துத் தள்ளினான்.

"வெறி பிடிச்சிருச்சா உனக்கு?"

"மருந்து! மருந்தடிச்சிருக்கு! ஓட்டுங்கண்ணே!"

அதற்குள் முதல் ஆடு முன்னங்காலை மடக்கி விழுந்தது. வாயில் நுரை. பிறகு வரிசையாக விழுந்தன. கழுத்தை வளைத்து, காலை உதைத்து, நின்ற இடத்திலேயே கழிந்து செத்தன. சினை ஆடுகள் பல. ஒன்று விழுந்தபடியே குட்டியைத் தள்ளியது. நாற்பத்தொன்று செத்ததாகப் பிறகு எண்ணினார்கள்.

சத்தம் கேட்டு வேல்பாண்டி பைக்கில் வந்தான். அப்போதே கால் தள்ளாடியிருக்கிறது. குடித்திருக்கிறான் என்று சேதுபதி நினைத்தான்.

"யாரைக் கேட்டுலே என் வயல்ல ஆட்டை விட்ட?"

"உம் பொஞ்சாதியக் கேளு. மருந்தடிச்சா கம்பு நடணும்னு தெரியாதா? பட்டாளத்துல இதைச் சொல்லித் தரலையா?"

வேல்பாண்டி பக்கத்தில் துடித்துக்கொண்டிருந்த ஆட்டை வயிற்றில் எட்டி உதைத்தான். அந்த உதைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சேதுபதி பின்னால் என்னிடம் சொன்னான். செத்ததைக்கூடப் பொறுத்திருப்பேன் என்றான்.

சேதுபதி கையில் துரட்டி இருந்தது. நீளக் கம்பின் நுனியில் வளைந்த கத்தி கட்டி மரத்திலிருந்து தழை அறுப்பார்களே, அது. ஓங்கி இழுத்தான். கத்தி வேல்பாண்டியின் வலது தோளுக்குக் கீழே இறங்கி முழங்கைக்கு நாலு விரல் மேலே வெளியே வந்தது. சதை தொங்கியது. வேல்பாண்டி இடது கையால் மண்வெட்டியை எடுத்துத் திருப்பி அடித்தான். சேதுபதியின் கழுத்தெலும்பு முறிந்தது. அவன் விழுந்தபிறகும் இன்னும் இரண்டு அடி முதுகில். மூன்றாவது அடிக்கு ஓங்கியபோது முனீஸ்வரி பின்னாலிருந்து புருஷனின் பெல்ட்டைப் பிடித்து இழுத்துக் கீழே சாய்த்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்தாள். முந்தானையைக் கிழித்துச் சுருட்டி வெட்டுக்குள் திணித்து இரண்டு கையையும் வைத்து அழுத்தினாள். அழுத்திக்கொண்டே பக்கத்துத் தோட்டத்துக்காரனிடம் எனக்குப் போன் போடச் சொல்லிக் கத்தினாள்.

நான் ஓய்வு பெற்ற பிறகும் ஊரிலேயே இருந்துவிட்டேன். பத்து நிமிஷத்தில் போய்விட்டேன். ரத்தம் ஏறக்குறைய நின்றிருந்தது. அவள் திணித்த துணியை எடுக்காமல் அதன் மேலேயே கட்டினேன். கட்டும்போதுதான் வேல்பாண்டியின் முகத்தைப் பார்த்தேன். வியர்வை ஊற்றியது. கடைவாயில் எச்சில் வழிந்தது. இமையை விலக்கினேன். கண்மணி கடுகளவு சுருங்கியிருந்தது. கன்னத்துச் சதை தானாகத் துடித்தது. வெட்டுக்காயத்தில் இப்படி வராது. அந்த ஆடுகளுக்கு வந்ததுதான் இவனுக்கும் வந்திருந்தது, கொஞ்சம் தாமதமாக.

"என்ன மருந்துப்பா அடிச்ச?"

"புல்லு மருந்து."

"இன்னொண்ணு என்ன?"

"ஒண்ணுமில்ல."

"வேல்பாண்டி, இன்னும் செத்த நேரத்துல உனக்கு மூச்சு நிக்கும். ஆஸ்பத்திரியில பேரு கேப்பாங்க."

அண்ணனைக் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்று வாயை இறுக்கிக்கொண்டான். முனீஸ்வரி எழுந்தாள். அந்த வயலில் எந்த இடத்து மண் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். வரப்போரமாக நடந்து, மிதித்துச் சமப்படுத்தியிருந்த ஓரிடத்தில் உட்கார்ந்து கையால் தோண்டினாள். டப்பாவை இழுத்தாள். நான் வாங்கிப் பாலித்தீன் பைக்குள் போட்டேன். அவள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னேன். வேல்பாண்டியின் சட்டை, கால்சட்டையைக் கத்தரித்து எடுத்துவிட்டு மோட்டாரைப் போட்டு உடம்பு முழுக்கக் கழுவினோம். ஆம்புலன்ஸ் வந்தது. இரண்டு ஆண்களையும் ஒரே வண்டியில் ஏற்றினோம். வழி முழுக்க ஒருவன் வாந்தி எடுத்தான், ஒருவன் திட்டினான்.

பெயர் தெரிந்ததால் ஸ்ரீவில்லிபுத்தூரில் உடனே விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். வேல்பாண்டி பிழைத்தான்.

மறுநாள் காலையில் பாண்டிதுரை ஆஸ்பத்திரி வராண்டாவுக்கு வந்தான். சேதுபதி மேல் கொலை முயற்சி என்று புகார் எழுதி எடுத்து வந்திருந்தான். கீதாரி குடித்துவிட்டுத் திருட்டுத்தனமாக மேய்த்தான், வயலில் மருந்தே அடிக்கவில்லை, ஆடுகள் வேறெங்கோ தின்றுவிட்டு வந்து செத்தன என்று முனீஸ்வரி சாட்சி சொல்ல வேண்டும்.

"டப்பா எங்க?" என்றான்.

"பத்திரமா இருக்கு அத்தான்."

"குடு."

"நான்தான் கிடைக்குச் சொன்னேன். அந்த மனுசன் என் வார்த்தைய நம்பி எறக்குனாரு. அவரை உள்ள தள்ளுனா இனி ஒரு கீதாரியும் இந்தப் பக்கம் வரமாட்டான். கிடை இல்லன்னா எம் மண்ணு செத்துரும்."

"உன் மண்ணா? உன் பேர்லயாட்டி இருக்கு?"

அறைந்தான். மோதிரக் கை. கீழ்வரிசையில் ஒரு பல் உடைந்து தரையில் விழுந்தது. நான் எழுவதற்குள் அவளே குனிந்து பல்லை எடுத்துக்கொண்டாள். ரத்தத்தை வாஷ்பேசினில் துப்பினாள்.

"இன்னொண்ணு அடிங்க அத்தான். மேல பாருங்க, கேமரா ஓடுது."

அவன் மேலே பார்த்தான். கையை இறக்கினான். அவள் உடைந்த பல்லும் டப்பாவுமாகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததை நடந்தபடி சொன்னாள். புருஷன் மருந்தடித்ததையும் சொன்னாள், சேதுபதி வெட்டியதையும் சொன்னாள். யாரையும் விடவில்லை. பாண்டிதுரையின் கடை மூடப்பட்டது. கம்பெனி ஒப்பந்தம் போயிற்று. வேல்பாண்டி, சேதுபதி இரண்டு பேர் மேலும் வழக்குப் பதிவானது. பல வாய்தாக்களுக்குப் பிறகு கோர்ட்டில் இருவரும் சமாதானமாகப் போனார்கள்.

வீட்டில் அவளை ஏற்றவில்லை. பாண்டிதுரை பூட்டுப் போட்டுவிட்டான். அவள் மோட்டார் ரூமில் பாயை விரித்தாள்.

ஐப்பசியில் ஒரே நாளில் அடித்த மழையைப் பற்றி இந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மருந்தடித்த இரண்டரை ஏக்கரில் ஒரு புல் இல்லை. மேல்மண் பழுப்பாகக் கரைந்து ஓடைக்குப் போனது. வடக்கு வரப்பு மூன்று இடத்தில் உடைந்தது. முனீஸ்வரி இடுப்பளவு தண்ணீரில் நின்று மண்மூட்டை போட்டாள். ஒரு மூட்டையோடு சேர்த்து ஓடை அவளை இழுத்து அடுத்த தோட்டத்து வேலிக் கம்பியில் மாட்டியது. முதுகில் பதினொரு தையல். கிணற்றடியில் அரை ஏக்கர் மட்டும், தெளிப்பானில் மருந்து தீர்ந்துபோனதால் தப்பித்திருந்தது. அங்கே ஒரு செடி சாயவில்லை.

வேல்பாண்டி அதைப் பார்க்க வந்தான். மெதுவாகத்தான் வந்தான், ஏனென்றால் பாதம் தொங்கி நடந்தான். அந்த மருந்து நரம்பில் வேலையைக் காட்டச் சில வாரம் பிடிக்கும். விரல்களும் பிடிப்பு விட்டிருந்தன. மண்வெட்டி எடுக்க முடியாது. அறையவும் முடியாது. அது முனீஸ்வரிக்கு வசதியாக இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அவனுக்கு நான் கைப்பயிற்சி சொல்லிக் கொடுத்தேன். ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னால் கெட்ட வார்த்தை சொல்வான். அமுக்குவான்.

வீட்டுப் பூட்டைத் திறந்துவிட்டான். அவள் போய்ச் சமைத்து வைத்துவிட்டு மோட்டார் ரூமுக்கே திரும்பி வந்தாள்.

அடுத்த ஆடியில் அவள் மறுபடியும் கலப்பு விதை வீசினாள். இரண்டரை ஏக்கரில் பாதிதான் முளைத்தது. கிடை இல்லாமல் அந்த மண் எழுந்திருக்காது. தெரிந்த கீதாரிகளுக்கெல்லாம் போன் போட்டாள். பெயரைச் சொன்னதும் வைத்துவிட்டார்கள். கடைசியில் சேதுபதிக்கே போட்டாள். ஆவணியில் ஒருநாள் காலை மந்தையோடு வந்து ரோட்டிலேயே நின்றான். தோள்பட்டை ஒரு பக்கம் இறங்கியிருந்தது. ஆடு எண்ணிக்கையும் குறைவு.

முனீஸ்வரி வரப்பில் நின்று ஒரு கொத்துப் பயற்றிலையைப் பறித்தாள். அவன் முன்னாலேயே வாயில் போட்டு மென்றாள்.

"நீ திங்கிறதுல எனக்கு நம்பிக்கை வராதும்மா," என்றான் சேதுபதி. "உனக்குத் தெரியாமத்தானே அன்னைக்கும் அடிச்சான்? உம் புருசன் திங்கட்டும்."

அவள் வீட்டுக்குப் போனாள். நான் அப்போது வேல்பாண்டியின் காலுக்குப் பட்டை கட்டிக்கொண்டிருந்தேன். விஷயத்தைச் சொன்னாள்.

"ஆட்டுக்காரன் முன்னால நான் தழை திங்கணுமா? நான் ஹவில்தாருட்டி!"

"சரி, திங்காதிய. அந்தாளு போயிருவாரு. மூணு ஏக்கரையும் நீங்களே உழுதுக்கிடுங்க."

அவன் தன் கையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நான் பட்டையின் நுனியைச் செருகிவிட்டு எழுந்துகொண்டேன். எனக்கு இதில் கருத்து எதுவும் இல்லை, செருப்பை மட்டும் எடுத்து அவன் காலருகே போட்டேன்.

நடந்து வர அரை மணி நேரம் ஆனது. சேதுபதி ரோட்டிலேயே நின்றான். ரோட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களும் கூடிவிட்டார்கள். வேல்பாண்டி குனிந்து பறிக்கப் போனான், விரல் பிடிக்கவில்லை. முனீஸ்வரி பறித்துக் கொடுக்கக் கையை நீட்டினாள்.

"அவளைக் குடுக்கவிடாத. நீயே எடு. நான் சொல்ற எடத்துல," என்றான் சேதுபதி.

கம்பால் காட்டினான். வயலின் நடுவில், போன வருஷம் சினை ஆடு விழுந்த இடம். வேல்பாண்டி அங்கே போய் மண்டியிட்டு, இலையைக் கையால் எடுக்க முடியாமல், செடியையே வளைத்து வாயால் கடித்தான். ரோட்டில் ஒருவன் சிரித்தான். சேதுபதி திரும்பி அவனை ஒரு பார்வை பார்த்தான், சிரிப்பு நின்றது.

"முழுங்கு."

முழுங்கினான்.

"இன்னொரு வாய்."

நாலு இடத்தில் காட்டினான், நாலு இடத்திலும் கடிக்க வைத்தான். பிறகு பக்கத்தில் போய் உட்கார்ந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எச்சில் வழிகிறதா, வியர்க்கிறதா என்று பார்த்தான். ஒரு மணி நேரம். வெயில் ஏறியது. வேல்பாண்டிக்கு வெயிலில் வியர்த்தது. சேதுபதி என்னைக் கூப்பிட்டான். நான் இமையை விலக்கிப் பார்த்துச் சரியாக இருக்கிறது என்றேன்.

அதற்குப் பிறகுதான் அவன் எழுந்து ரோட்டைப் பார்த்து நாக்கைச் சுழற்றி ஒரு சத்தம் கொடுத்தான். ஆடுகள் சரிவில் இறங்கின. ஆறு ராத்திரி கிடந்தன. முனீஸ்வரி அவனிடம் நாலுதான் கேட்டிருந்தாள்.